நாலாம் நம்பர் இடது டேங்க்

நவம்பர் 4

ராட்டர்டாமில் சோயாவை இறக்கிவிட்டு மதியம் கிளம்பினோம். இப்போது இது காலிக் கப்பல். பதினாலாயிரம் டன் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிற கப்பலுக்குக் காலி என்று பேர் வைத்தவனைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்கலாம். சரக்கு இல்லாத கப்பல் கடலில் ஆட்டம் போடும். அதை அடக்க அடியில் இருக்கும் டேங்குகளில் தண்ணீர் நிரப்புவோம். பேலஸ்ட் தண்ணீர் என்பது இதுதான். பத்து டேங்க், எல்லாவற்றிலும் ராட்டர்டாம் ஆற்றுத் தண்ணீர். சீஃப் ஆபீசர் என்ற முறையில் அத்தனையும் என் பொறுப்பு.

போகிற இடம் கனடா. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறி உள்ளே போய்க் கோதுமை ஏற்றவேண்டும். ஏற்ற ஏற்ற இந்தத் தண்ணீரை அங்கே இறக்கவேண்டும். அந்த ஆற்றுக்காரர்கள் கறாரானவர்கள். ஊரான் ஊர் புழுவும் சிப்பிக்குஞ்சும் தங்கள் ஆற்றுக்குள் வரக்கூடாது என்பதற்காக, கரையிலிருந்து இருநூறு கடல் மைலுக்கு அப்பால் எல்லா டேங்கையும் காலி செய்து, நடுக்கடல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். ஆயிரத்துக்கு முப்பது பங்கு உப்பு இருக்கவேண்டும். ஒவ்வொரு டேங்கிலும் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பதினாறாம் தேதி மாண்ட்ரியலில் எனக்குப் பதில் ஆள் ஏறுகிறார். பதினெட்டாம் தேதி வீட்டில் இருப்பேன். ஏழு மாதம் ஆயிற்று.

அண்ணி பேசினார். அண்ணனுக்குக் காலில் சின்ன வெட்டாம். ஆற்றில் இறங்கியபோது காக்கா ஆழிச் சிப்பி கிழித்துவிட்டதாம். ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

நவம்பர் 5

சாம்பாரில் உப்பு அதிகம். கேப்டன் மச்சாதுவுக்கு மட்டும் பிடித்திருந்தது. தூத்துக்குடிக்காரர், உப்பளத்து வீட்டுப் பிள்ளை.

நவம்பர் 7

அண்ணன் குரலிலேயே ஒரு செய்தி வந்தது. நாலு நிமிடத்தில் மூன்று நிமிடம் என்னைத்தான் விசாரித்தார். கால் எப்படி என்பதை இருமிக்கொண்டே கடந்துவிட்டார்.

இதை எங்கேயாவது எழுதி வைக்கவேண்டும் போல் இருக்கிறது. எங்கள் குப்பம் வடசென்னையில், முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன் துலுக்காணம்தான். பதினான்கு வயது மூத்தவர். என்னைப் படிக்க வைத்தது ஆற்று இறால். ஆறேழு வருடமாக அந்த ஆற்றில் இறால் கிடையாது. எங்கிருந்தோ வந்த கறுப்புச் சிப்பி, கோழி இறகு அகலம்கூட இல்லை, சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி பரவிவிட்டது. அதுதான் காக்கா ஆழி. அது மூடிய சேற்றில் இறால் புதைய முடியாது, குஞ்சு பொரிக்காது. கால் வைத்தால் கிழிக்கும். கப்பல் வயிற்றில் வந்தது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வருடத்துக்கு எத்தனையோ கப்பல் வந்து போகிறது. எந்தக் கப்பல் என்று யாரால் சொல்லமுடியும்?

போன வருடம் அண்ணனுக்கு முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். சிரித்தார். எங்கள் ஆட்கள் ஆற்றில் வெறுங்காலோடுதான் இறங்குவார்கள். சேறு எங்கே இளகியிருக்கிறது, இறால் எங்கே கிடக்கிறது என்பது பாதத்துக்குத்தான் தெரியும். பூட்ஸ் பரணுக்குப் போயிற்று.

நவம்பர் 8

தண்ணீர் மாற்றும் வேலை காலையில் ஆரம்பித்தது. ஒரு டேங்கைக் காலி செய்ய மூன்று மணி நேரம், நிரப்ப மூன்று. இரண்டிரண்டாகச் செய்கிறோம். ஒரேயடியாக எல்லாவற்றையும் காலி செய்தால் கப்பல் முதுகு உடைந்துபோகும்.

பேலஸ்ட் பதிவேட்டை நேற்றே எழுதிவிட்டேன். எந்த டேங்க், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, எந்த இடம் எல்லாம் திட்டத்தில் இருக்கிறதே. வேலை நடக்கும்போது நனைந்த கையோடு யார் எழுதிக்கொண்டிருப்பது? முன்னாலேயே எழுதிவைத்து, வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடுவது. சரியில்லைதான். ஆனால் நான் ஏறிய முதல் கப்பலிலிருந்தே பழகிய பழக்கம்.

நவம்பர் 9

காற்றின் வேகம் எட்டு, பன்னிரண்டு என்றால் சூறாவளி. அலை மேல்தளத்தில் ஏறுகிறது. மூன்றாம் ஜோடிவரை முடிந்தது.

நாலாம் நம்பர் இடது டேங்கைப் பாதி இறக்கியிருந்தபோது அண்ணி எழுதினார். காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டதாம், எடுத்துவிட்டார்களாம். சர்க்கரைக்காரர் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டாராம். விஷயம் இப்போதுதான் வெளியே வருகிறது. வெட்டுப்பட்டது ஒன்றாம் தேதி. மூன்றாம் தேதி அண்ணனுடைய பாடு.

எங்களூரில் ஆற்றில் வலை கட்டுவது முறை வைத்துத்தான். அதற்குப் பாடு என்று பேர். உன் முறை வரும் நாளில் நீ இறங்கவேண்டும். விட்டால் அடுத்த முறைவரை ஆற்றில் உனக்கு இடமில்லை. அண்ணன் அந்தக் காலோடு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் ஆறு மணி நேரம் நின்றிருக்கிறார். கிடைத்தது ஒரு கூடை காக்கா ஆழியும் நாலு கெளுத்தியும்.

அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யாருக்காக நின்றார்? ஆற்றில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் முறை என்ன முறை?

பத்து டேங்கும் முடிந்தது.

நவம்பர் 10

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். பத்து வரிக்கும்.

நவம்பர் 11

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, பரசு எப்போது வருகிறான். அண்ணி பதினெட்டு என்று சொன்னாராம். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருக்கிறாராம்.

இன்று துணி துவைத்தேன். சட்டையில் இரண்டு பொத்தான் தைத்தேன். பெட்டியைப் பாதி கட்டிவிட்டேன்.

நவம்பர் 12

எல்லா டேங்கிலும் உப்புப் பார்த்தேன். முப்பத்துநாலு, முப்பத்தைந்து, முப்பத்துநாலு. நாலாம் நம்பர் இடது டேங்கில் பதினேழு. கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பதினேழு. டேங்குக்குள் இறங்கும் ஆழம் பார்க்கிற குழாயில் வேறு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். பதினேழேதான்.

என்ன நடந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அண்ணியின் செய்தி வந்தபோது டேங்க் பாதி காலியாகியிருந்தது. பம்பை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்தேன். இறக்கி முடிந்தது என்று என் கையெழுத்திலேயே இருந்தது, நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். பாதி ராட்டர்டாம் ஆறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முன்கூட்டியே நான் எழுதிய பொய்யை நானே நம்பியிருக்கிறேன்.

இருநூறு மைல் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாயிற்று. இங்கே மாற்றக்கூடாது. கேப்டனிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அண்ணன் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார். சொன்னேன். காய்ச்சல் விடவில்லை, ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டர் சொன்னதாக அண்ணி காலையில் எழுதியிருந்தார்.

உண்மையைச் சொன்னால் ஆற்றுக்காரர்கள் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட இறக்க விடமாட்டார்கள். இறக்காமல் முழுச் சரக்கு ஏற்ற முடியாது. திரும்பிக் கடலுக்குப் போய் மாற்றி வரவேண்டும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், இந்தக் காற்றில் கூடவும் ஆகலாம். வழியில் என்னை இறக்கிவிட இது பஸ் இல்லை. பதினெட்டு என்பது இருபத்துநாலு ஆகும்.

கேப்டன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பரசு, நா ஒன்னு சொல்லுதேன், கேளு. சமையக்கட்டுல உப்பு மூடை கெடக்கு. வெந்நியில கரைச்சு அந்தக் கொழாய்ல ஊத்திவிட்டா, அவங்க மாதிரி எடுக்கும்போது முப்பத்தஞ்சு காட்டும். உப்போட வேலை எனக்குத் தெரியாதா?”

குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

“கம்பெனிக்காவச் சொல்லல. ஒங்க அண்ணன் மொகத்த நீ பாக்கணும்லா. அதுக்குத்தாஞ் சொல்லுதேன். ஒரு டேங்க்தான? அவ்வளவு பெரிய ஆத்துக்கு இதுலாம் என்ன ஆயிரப்போவுது?”

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்காகப் பொய் சொல்ல இந்தக் கப்பலில் ஒருவர் இருக்கிறார்.

நவம்பர் 13

ஆறு மூட்டை உப்பு நாலாம் நம்பர் டேங்கின் குழாய்ப் பக்கம் வந்து சேர்ந்தது. நான்தான் எடுத்துவரச் சொன்னேன்.

நவம்பர் 14

நேற்று மதியம் முதல் மூட்டையை இரண்டு வாளியில் கரைத்தேன். குழாயின் மூடியைத் திருகி எடுத்தேன். வாளியைத் தூக்கியும்விட்டேன்.

எழுதிவிடுகிறேன். வேறு எந்தப் பதிவேட்டிலும் இதற்கு இடமில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் மூன்றாம் ஆபீசர். எங்கள் கப்பல் தென்னமெரிக்காவில் ஒரு முகத்துவாரத்தில் பேலஸ்ட் நிரப்பிக்கொண்டு, சரக்கேற்ற எங்கள் குப்பத்துக்குப் பக்கத்திலேயே வந்தது. உலகத்தில் எத்தனை துறைமுகம், அதில் நம் ஊருக்கே வருகிறோம் என்று தலைகால் புரியவில்லை எனக்கு. வழியில் தண்ணீர் மாற்றவேண்டிய நாளில் கடல் மோசம், மாற்றவில்லை. பிறகு நல்ல கடலும் வந்தது, அப்போதும் மாற்றவில்லை. பதிவேட்டில் மாற்றியதாக இருந்தது. அதை முன்கூட்டியே எழுதியது நான். மேலதிகாரி எழுதச் சொன்னார், எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

நான் வருகிறேன் என்று தெரிந்து அண்ணன் படகை எடுத்துக்கொண்டு கப்பல் அருகே வந்தார். அண்ணியும் கூட இருந்தார், கைக்குழந்தையோடு. நான் மேல்தளத்தில் நின்று கை காட்டினேன். வால்வைத் திறக்கிற வேலை அன்று என்னுடையது. திறந்தேன். கப்பல் பக்கவாட்டில் இருக்கும் துவாரத்திலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. அண்ணன் படகை வேண்டுமென்றே அதற்கடியில் கொண்டுவந்து நிறுத்தித் தலையைக் காட்டினார். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். என் தம்பி கப்பல் தண்ணி என்று அவர் கத்தியது எனக்கு மேலே கேட்டது. நானும் சிரித்தேன். இரண்டு நாள் இறக்கினேன் அந்தத் தண்ணீரை.

மூன்று, நாலு வருடம் கழித்து முதல் காக்கா ஆழியை வலையில் பார்த்தார்கள். அதன் படத்தை அண்ணன் எனக்கு அனுப்பி, இது எந்த ஊர் சிப்பிடா, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், தென்னமெரிக்கச் சிப்பி. தெரிந்தது. தெரியாது என்று பதில் போட்டேன்.

எந்தக் கப்பல் என்று யாரால் சொல்லமுடியும் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். வருடக்கணக்காக எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் அதுதான். உண்மையாகவும் இருக்கலாம். நூறு கப்பலில் எதுவாகவும் இருக்கலாம். என் கப்பலாகவும் இருக்கலாம்.

வாளியைக் கீழே வைத்தேன். அந்த ஆற்றங்கரையிலும் யாரோ ஒருவனுக்கு அண்ணன் இருப்பான் என்று பெரிதாகவெல்லாம் நினைக்கவில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரைத் தளத்திலேயே கொட்டிவிட்டேன். பதிவேட்டில் நாலாம் நம்பர் வரியை ஒரு கோடு போட்டு அடித்து, ‘மாற்றம் முழுமையடையவில்லை, உப்பளவு பதினேழு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேப்டன் மேசையில் வைத்தேன்.

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

“பொறவு வருத்தப்படுவ, பரசு.”

“ஆமா சார்,” என்றேன்.

இன்று மதியம் கப்பலைத் திருப்பினோம்.

நவம்பர் 15

கிழக்கே போகிறோம். பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

வர நாளாகும் என்று அண்ணிக்கு எழுதினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, பதினெட்டு என்றே இருக்கட்டும் என்று பதில் போட்டார்.

சாப்பிட முடியவில்லை. பிறகு அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அண்ணனுக்கு ஒரு செய்தி பேசி அனுப்பினேன். ஒன்பது நிமிடம். அந்த நாளில் தலையில் கொட்டிய தண்ணீர் எங்கே நிரப்பியது, பதிவேட்டில் நான் என்ன எழுதினேன், படம் அனுப்பியபோது தெரியாது என்று சொன்னது, இப்போது ஏன் கப்பல் திரும்பிப் போகிறது என்று எல்லாம் சொன்னேன். மன்னிச்சிடுண்ணா என்று சொல்ல நினைத்திருந்தேன். அது மட்டும் வாயில் வரவில்லை. கடைசியில் காலைப் பாத்துக்கோண்ணா என்று சொல்லி முடித்துவிட்டேன். எடுத்துவிட்ட காலை.

அண்ணன் போன் அண்ணியிடம்தான் இருக்கிறது. அவர் போட்டுக் காட்டவேண்டும்.

நவம்பர் 16

காற்று ஒன்பது. டேங்கைத் தொட முடியாது. கப்பலை அலைக்கு முகம் காட்டி நிறுத்திவைத்திருக்கிறோம். செய்தியைக் கேட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு வந்துவிட்டது. பதில் இல்லை.

நவம்பர் 17

பதில் இல்லை. தலைவலி. நாலு வேளையும் கட்டன் டீ.

நவம்பர் 18

காற்று இறங்கியது. காலை ஆறுக்கு நாலாம் நம்பர் இடது டேங்கை இறக்க ஆரம்பித்தேன். இந்த முறை அங்கேயே நின்றேன். பம்ப் காற்றை உறிஞ்சுகிற சத்தம் வரும்வரை, ஆழம் பார்க்கிற நாடா காய்ந்து வரும்வரை. பிறகு நிரப்பினேன். முடிந்த பிறகுதான் பேனாவைத் தொட்டேன். முப்பத்துநாலு.

மாண்ட்ரியலில் இறங்கியிருந்தால் இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பேன்.

நவம்பர் 19

அண்ணன் இன்று விடியற்காலை போய்விட்டார்.

நவம்பர் 20

கேப்டன் என்னை வேலையிலிருந்து விடுவித்து அறையில் இருக்கச் சொன்னார். இருந்தேன். இருக்க முடியவில்லை. மேலே போய்ப் பெயின்ட் டப்பாக்களை எண்ணி அடுக்கினேன். அண்ணன் பையனை வைத்துக் காரியம் முடித்துவிட்டார்களாம். அண்ணன் கடைசிவரை தேதியை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாராம். முந்தாநாள், இன்னிக்கி பதினெட்டு தானே என்று கேட்டிருக்கிறார். நாளைக்குத்தான் பதினெட்டு என்று அண்ணி சொல்லிவைத்தாராம்.

கேப்டன் சொன்னது சரி. வருந்துகிறேன். செய்தது தப்பு என்று வருந்தவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவில்லையே என்று வருந்துகிறேன். இரண்டும் வேறு வேறு என்று சொன்னால் நெஞ்சு கேட்கமாட்டேன் என்கிறது.

நவம்பர் 23

மாண்ட்ரியலுக்குச் சற்றுக் கீழே பரிசோதகர்கள் ஏறினார்கள். தலைமை ஒரு நரைத்த பெண். பத்து டேங்கிலும் மாதிரி எடுத்தார். நாலாம் நம்பரில் இரண்டு முறை. பதிவேட்டில் நான் அடித்திருந்த வரியை விரலால் தொட்டு, இதற்காகத்தான் திரும்பிப் போனீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நன்றி என்றார். அவர் வீடு இந்த ஆற்றங்கரையில்தானாம். மேலே போக அனுமதித் தாள் கொடுத்தார். நாளை இறங்குகிறேன்.

அவர் போன பிறகு போனைப் பார்த்தால் அண்ணியின் குரலில் ஒரு செய்தி இருந்தது. எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

“பரசு, நீ பேசி அனுப்புனத நான்தான் கேட்டேன். ஒங்க அண்ணனுக்குப் போட்டுக் காட்டல. கப்பல் தண்ணில நனைஞ்சத கடசி வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு. ஊசி போட வர நர்சம்மாகிட்டகூட, எந்தம்பி கப்பல்லேர்ந்து என் தலைல தண்ணி ஊத்துனாம்மான்னு. அத நான் எப்டிக் கெடுப்பேன்? சந்தோசமா போவட்டும்னு வுட்டுட்டேன். நீ இத பசங்ககிட்ட சொல்லாத. ஊர்லயும் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சது போதும். நானும் அன்னிக்கு நனைஞ்சேன்ல.”

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். பிறகு, அண்ணனுடைய அடுத்த பாடு டிசம்பர் மூன்றாம் தேதி வருகிறது, வீட்டிலிருந்து ஓர் ஆள் இறங்காவிட்டால் முறை போய்விடும், பையனை இறக்க எனக்கு மனசில்லை, ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள் என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தார்.

நான் இறங்குகிறேன் அண்ணி என்று எழுதினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

“அவர் மாரி வெறுங்கால்ல எறங்காத. நீ வாங்கியாந்த பூட்ஸு பரண்லதான் கீது. எறக்கி வைக்கறேன்.”